கம்பஸ் கோப்பில் இருப்பதை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லலாமா?

மதிப்புக்குரிய சட்டத்தரணி அம்மாவுக்கு,

எனக்கு 23 வயது. அம்பாறை மாவட்டத்தில் ஒரு கரையோர ஊர். கிழக்கில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். போன வருடம் அம்மா இறந்த பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நித்திரையும் இல்லை. மனநலக் கிளினிக் போனேன். அந்த நேரம் இரண்டு பாடங்களுக்கு மெடிக்கல் (பரீட்சைக்கு வராததற்கு மருத்துவச் சான்றிதழ்) கொடுத்து, அடுத்த தடவை எழுதிச் சித்தியடைந்தேன். இப்போது வீட்டில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளையின் மச்சான் எங்கள் பீட அலுவலகத்தில் தெரிந்த ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். "பிள்ளைக்கு மனசு சுகமில்லையாம், மெடிக்கல் போட்டதாம், இரண்டு பாடம் ரிப்பீட்டாம்" என்று அவர்கள் வீட்டுக்குக் கதை போய், பேச்சு நின்றுவிட்டது. இது நடந்து 18 நாள்.

அலுவலகம் இப்படிச் சொல்லலாமா? என் ஃபைலில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கலாமா? அப்பாவும் அடிக்கடி கோல் எடுத்து என் மார்க்ஸ் கேட்கிறார். அமெரிக்காவில் படிக்கும் என் சித்தப்பாவின் மகள், "இங்கே பெற்றோருக்கே சொல்ல மாட்டார்கள்" என்கிறாள். உண்மையா? எங்கள் பெறுபேற்றுத் தாளைப் பெயரோடு யாரோ படம் எடுத்து பெட்ச் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார்கள். முறைப்பாடு செய்தால் என் டிகிரிக்கு இடைஞ்சல் வருமா? பயமாக இருக்கிறது. என் பெயரைப் போட வேண்டாம்.

மகள்,

உங்கள் ஊர், பாடம், படிக்கும் இடம் எதையும் இங்கே போடவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் எடுத்துவிட்டேன். கடிதத்தில் நாள்கணக்கு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருந்தது. அதை மட்டும் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக அறிவித்தேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் கீழே அதையும் எழுதுகிறேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: சொல்லக்கூடாது. உங்கள் மெடிக்கல் பற்றி ஒரு சொல் கூடச் சொல்லக்கூடாது.

கலியாணம் பேசும்போது விசாரிப்பது நம் பகுதியில் இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. மட்டக்களப்பில் குடி, அதாவது தாய்வழி வம்சம், கேட்பார்கள், கோயில் கேட்பார்கள், அயலில் நின்று பிள்ளையின் குணம் கேட்பார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அயல்வீட்டு அக்கா தான் கண்டதைச் சொல்கிறார். அது அவருடைய வாய். பீட அலுவலகத்தில் இருப்பவர் சொன்னது அவர் கண்டது அல்ல. நீங்கள் படிப்புக்காக நம்பிக் கொடுத்த தாளில் இருந்ததை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளை நீங்கள் எதற்குக் கொடுத்தீர்கள்? பரீட்சைக்கு வராததற்குக் காரணம் காட்ட. அந்த வேலை முடிந்தால் அந்தத் தாளின் பயணமும் அங்கேயே முடிய வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கடன் உண்டு. சட்டம் படிக்க முன்பு இரண்டு வருடம் ஒரு கல்வி நிறுவனத்தின் பரீட்சைக் கிளையில் லிகிதராக இருந்தேன். ஒருநாள், ஒரு மாணவியின் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். வெயிலில் தூரத்தில் இருந்து பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பாவம் என்று பெறுபேற்றை வாசித்துக் காட்டினேன். இரண்டு பாடம் போயிருந்தது. அவர் அண்ணன் அல்ல, அந்தப் பிள்ளையின் புருஷன் வீட்டு ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. "படிப்பு ஏறாத பிள்ளைக்கு எதற்குக் கம்பஸ்" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. எனக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் விஷயத்தைச் சொன்னவருக்கும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் உங்கள் தங்கச்சி சொன்னதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1974 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. ஃபெர்பா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்த நாட்டுக் கல்வித் திணைக்களத்தின் பணம் பெறும் எல்லாக் கல்லூரிகளையும் அது கட்டுப்படுத்தும். பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது எந்த வயதிலும் கல்லூரியில் சேர்ந்ததும், பெற்றோரிடம் இருந்த உரிமை பிள்ளையின் கைக்கு வந்துவிடும். பிள்ளை தன் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம். வெளியாருக்குக் கொடுக்க, கையொப்பமும் திகதியும் இட்ட எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆனால் "பெற்றோருக்கே சொல்ல மாட்டார்கள்" என்பது பாதிதான் சரி. வருமான வரிக் கணக்கில் பிள்ளை பெற்றோரில் தங்கியிருப்பவராகக் காட்டப்பட்டிருந்தால், சம்மதம் இல்லாமலே பெற்றோருக்குச் சொல்லக் கல்லூரிக்கு அனுமதி உண்டு. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வந்த அவசரத்திலும் சொல்லலாம். இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டத்தை மீறிவிட்டார்கள் என்று மாணவர் தாமே கல்லூரிமேல் நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002இல் அப்படித் தீர்த்தது. முறைப்பாடு திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்தச் சட்டம் இங்கே செல்லாது. மாணவர் பதிவேட்டுக்கென்று தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. அந்தரங்க உரிமை நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனி உரிமையாக எழுதப்படவும் இல்லை. அதற்காகக் கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு சட்டங்கள் உங்களுக்கு உதவும்.

ஒன்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒரு நோக்கத்துக்காக வாங்கிய விவரத்தை அந்த நோக்கத்துக்கு மட்டும் பாவிக்க வேண்டும், மற்றவர் கைக்குப் போகாமல் காக்க வேண்டும், உரியவர் கேட்டால் காட்டவும் பிழையைத் திருத்தவும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். உடல்நலம் பற்றிய விவரத்தை அது விசேட வகையாக வைத்துக் கூடுதல் காவல் போடுகிறது. உங்கள் கிளினிக் துண்டு அதற்குள் வரும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: இந்த உரிமைகளைத் தரும் பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வருவதாக இருந்து, பிறகு தள்ளிப்போடப்பட்டன. எனவே பதிவாளருக்கு எழுதும் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். அதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம்.

மற்றது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் வேலை செய்கிறது. உங்களுக்கு இன்று கையில் பிடிக்கக்கூடிய கம்பு இதுதான். இதைப் பலர் அரசாங்கத்திடம் வீதிக் கணக்குக் கேட்கும் சட்டம் என்று மட்டும் நினைக்கிறார்கள். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, பொதுநலனோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட விவரத்தையும், ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் கைவைக்கும் விவரத்தையும் கொடுக்க மறுக்கலாம் என்கிறது. மருத்துவப் பதிவுகளுக்கும் அப்படித்தான். உரியவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் மச்சான் முறைப்படி விண்ணப்பம் போட்டுக் கேட்டிருந்தாலே அவருக்கு இது கிடைத்திருக்காது. தெரிந்தவரைப் பிடித்துக் கேட்டதால் கிடைத்திருக்கிறது.

நீங்கள் உங்கள் கோப்பைக் கேட்டால் அதே பிரிவை உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. அந்தரங்கம் உங்களுடையது, சம்மதமும் உங்களுடையது. விண்ணப்பத்தில் "என்னைப் பற்றிய இந்த விவரங்களை எனக்குத் தரச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. தனியார் உயர்கல்வி நிறுவனமாக இருந்தாலும், சட்டப்படி அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய ஒரு சொல்லுக்கு வருகிறேன். "ரிப்பீட்." நீங்கள் மெடிக்கல் கொடுத்தீர்கள். பீடச்சபை அந்த மெடிக்கலை ஏற்றுக்கொண்டால், அடுத்த தடவை எழுதியதை முதல் தடவையாகவே கணக்கிடுவது பல பீடங்களின் விதி. ரிப்பீட் என்று பதிந்தால் பெரும்பாலும் புள்ளிக்கு ஒரு மேல் எல்லை வைத்துவிடுவார்கள். நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் ஏறாது. வகுப்புச் சித்திக்கும் (முதலாம், இரண்டாம் வகுப்பில் பட்டம் பெறுவதற்கும்) அது தடையாகலாம். அலுவலகத்தில் சொன்னவர் வாய்தவறி ரிப்பீட் என்றாரா, அல்லது கோப்பிலேயே அப்படித்தான் பதிந்திருக்கிறதா? எனக்கு இது கலியாணப் பேச்சைவிடப் பெரிய கேள்வி. மாப்பிள்ளை இன்னொருவர் வருவார். வகுப்புச் சித்தி பட்டத்தோடு கடைசிவரை வரும். மாணவர் கைநூலை எடுத்துப் பரீட்சை விதிகளில் மெடிக்கல் பகுதியை இன்றே வாசியுங்கள். அப்புறம் உங்கள் பெறுபேற்றுத் தாளில் அந்த இரண்டு பாடத்துக்குப் பக்கத்தில் என்ன குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். மெடிக்கலை ஏற்ற பீடச்சபைத் தீர்மானத்தின் பிரதியையும் விண்ணப்பத்தில் கேளுங்கள். அது இருந்து, குறி மட்டும் பிழையாக இருந்தால், பட்டமளிப்புக்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். பட்டப் பெறுபேறு மூதவையால் (செனட் சபையால்) ஏற்கப்பட்டு வெளியான பிறகு திருத்துவது மிகவும் இழுபடும்.

விண்ணப்பம் போடும் வழி சிக்கல் இல்லை. இந்தச் சட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு நிறுவனத்திலும் (சட்டம் அதைப் பகிரங்க அதிகாரசபை என்கிறது) தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பல இடங்களில் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் ஆளைக் காட்டுவார்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்கும் பதில் சரியில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. நீங்கள் கேட்ட பிறகு அந்தத் தகவலை வேண்டுமென்று அழித்தால் அது குற்றம். 50,000 ரூபாய்வரை தண்டம், இரண்டு வருடம்வரை சிறை. இதைச் சொல்லி யாரையும் வெருட்ட வேண்டாம். ஆனால் தெரிந்திருங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. ஆங்கிலத்தில் எழுதினால்தான் எடுப்போம் என்று யாராவது சொன்னால் அது பிழை.

நாள்கணக்கு விஷயம் இது. அரச நிறுவனத்தின் நிருவாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு 18 நாள் போய்விட்டது. அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை. வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஊழியர் வாய்விட்டது அடிப்படை உரிமை மீறல்தானா என்பதில் வாதம் இருக்கும். அந்தக் கதவு மூடிவிடாமல் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இது தவிர, மனதையும் மானத்தையும் புண்படுத்தியதற்கு நட்டஈடு கேட்கும் வழி நம் நாட்டின் ரோமன் டச்சு வழிச் சட்டத்தில் உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். அதற்கு வருடக்கணக்கில் அலைய வேண்டிவரும். என்னிடம் கேட்டால், இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். படித்து முடியுங்கள்.

அப்பாவின் விஷயம் வேறு. அதை மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்த்து ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அம்மா இல்லாத வீட்டில் உங்களைப் படிக்க வைக்கும் மனிதர் அவர். கோல் எடுத்துக் கேட்பது பயத்தில். சட்டப்படி 18 வயதோடு நீங்கள் வளர்ந்த ஆள். உங்கள் சம்மதம் இல்லாமல் அலுவலகம் அவருக்கும் போனில் சொல்லாமல் இருப்பதுதான் ஒழுங்கு. போனில் பேசுகிறவர் அப்பாதான் என்று லிகிதருக்கு எப்படித் தெரியும்? நான் முன்பு செய்த பிழையே அதுதான். ஆகவே பெறுபேறு வந்ததும் நீங்களே அப்பாவுக்குக் காட்டுங்கள். அதுவும் கஷ்டம் என்றால், எழுத்தில் ஒரு சம்மதம் கொடுங்கள்: பெறுபேறு மட்டும், அப்பாவுக்கு மட்டும், நேரில் அடையாள அட்டையோடு வந்தால் மட்டும், இந்த வருடத்துக்கு மட்டும். மருத்துவ விவரம் அதில் சேராது என்று தனியாக எழுதுங்கள். நீங்கள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அப்பாவுக்கு அறிவிப்பது வேறு கதை. அதற்கு யாரும் சம்மதத் தாள் தேட மாட்டார்கள், தேடவும் கூடாது.

வாட்ஸ்அப் படத்தைப் பற்றிச் சுருக்கமாக. போட்டவர் உங்களோடு படிக்கும் ஒருவர். குழுவின் அட்மினுக்கு, மற்றவர் போட்டதையும் எல்லாருக்கும் அழிந்துபோகும்படி நீக்க முடியும். இன்றே கேளுங்கள். நீக்க முன்பு திகதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் பெயரோடு பெறுபேறு ஒட்டுவதை நிறுத்தி, ஒவ்வொருவரும் தன்னுடையதை மட்டும் பார்க்கும்படி செய்யச் சொல்லி மாணவர் ஒன்றியம் கேட்கலாம். அமெரிக்கச் சட்டத்தின் கீழ், பெயரோ மாணவர் இலக்கமோ போட்டுப் புள்ளிகளைப் பலகையில் ஒட்டச் சம்மதம் இல்லாமல் முடியாது. இங்கே அது பழக்கமாகவே போய்விட்டது. அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

முறைப்பாடு செய்தால் டிகிரிக்கு இடைஞ்சல் வருமா? அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. பரீட்சைத் தாளில் உங்கள் பெயர் இல்லை, சுட்டெண்தான் இருக்கிறது. உங்கள் விஷயத்தைச் சொன்னவர் தாள் திருத்துகிறவரும் அல்ல. எழுத்தில் திகதியோடு ஒரு முறைப்பாடு இருந்தால், பிறகு ஏதாவது வித்தியாசமாக நடந்தால் அந்தத் திகதியே உங்களுக்குச் சாட்சி. பேசாமல் இருந்தால் சாட்சி ஒன்றும் இல்லை. தனியாகப் போக வேண்டாம். சிரேஷ்ட மாணவ ஆலோசகர்களில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் முதலில் கதையுங்கள். அவரிடம் மருத்துவ விவரம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "என் கோப்பில் இருந்த விவரம் வெளியே போயிருக்கிறது" என்றால் போதும். முதல் கடிதத்தில் யாருடைய பெயரையும் போடாதீர்கள். "தெரிந்தவர்" என்று உங்களுக்கு வந்தது செவிவழிக் கதை. பெயரைப் போட்டு அது பிழையாகிவிட்டால் உங்கள் பக்கம் பலவீனப்படும். யார் கோப்பை எடுத்தார்கள் என்று தேடுவது பதிவாளரின் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மா போன துயரத்தில் வைத்தியரைத் தேடிப் போனது வெட்கப்பட வேண்டிய காரியமே இல்லை. சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் நம் மாவட்டங்களில் எத்தனையோ பேர் அந்தக் கிளினிக் வாசலில் நின்று மீண்டிருக்கிறார்கள். கிளினிக் திகதி இன்னும் இருந்தால், இந்தக் கதைக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

பதிவாளருக்கு எழுத வேண்டியதைக் கீழே தருகிறேன். பார்த்து எழுதுங்கள்.

"எனது மாணவர் கோப்பில் உள்ள மருத்துவ விவரமும் பரீட்சை விவரமும் எனது சம்மதம் இன்றி வெளியாருக்குச் சொல்லப்பட்டுள்ளதாக அறிகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனத்தில் கொண்டு, இது பற்றி விசாரித்து முடிவை எனக்கு எழுத்தில் அறியத் தருமாறு கேட்கிறேன். எனது மருத்துவச் சான்றிதழ்களை முத்திரையிட்ட தனி உறையில் வைக்குமாறும், எனது எழுத்துச் சம்மதம் இன்றி எந்த விவரத்தையும் தொலைபேசியிலோ நேரிலோ எவருக்கும் வழங்க வேண்டாம் எனக் கோப்பில் குறிப்பு இடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

தகவல் அலுவலருக்குத் தனி விண்ணப்பம். அதில் உங்கள் கோப்பின் முழுப் பிரதி, மெடிக்கல் பற்றிய பீடச்சபைத் தீர்மானம், மாணவர் விவரங்களை வெளியாருக்குக் கொடுப்பது பற்றி அங்கே உள்ள சுற்றுநிருபம், கடந்த ஆறு மாதத்தில் உங்கள் கோப்பை எடுத்தவர்களின் பதிவு இருந்தால் அதன் பிரதி ஆகிய நான்கையும் கேளுங்கள்.

இரண்டையும் இரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் "கிடைத்தது" என்று திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் வாக்குவாதப்படாமல் தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள். 14 வேலை நாள் போயும் பதில் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், மகள். மேன்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன்.